முதலில் காது, பிறகு கண்

ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால், பாடப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லக் கூடாது. முதல் வரி நினைவுக்கு வந்துவிட்டால் போதும், கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்க வேண்டும். பல பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பார்க்க மாட்டார்கள், கூரையைப் பார்ப்பார்கள். உதடு மெல்ல அசையும். முதல் வரியிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்து, என் விரல் இருக்கும் இடத்தை எட்டிப்பிடிக்கப் பார்ப்பார்கள். சிலர் சரியாகவே எட்டிவிடுவார்கள். அந்த நினைவாற்றலைப் பார்த்து வியக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் பெரும்பாலும் ஒரே அறையில்தான் உட்காரும். அப்படிப்பட்ட அறைகளில்தான் என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அங்கே தமிழும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்ததில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. வாசிக்கும் வித்தையை ஒரு பிள்ளை ஒரே ஒருமுறைதான் கற்கிறது. வீட்டில் பேசும் மொழியில் அதைக் கற்றுவிட்டால், அடுத்த மொழிக்கும் அது கைகொடுக்கும். ஆனால் அந்த அடுத்த மொழி, கண்ணுக்கு வருவதற்கு முன்பே காதுக்கு வந்திருக்க வேண்டும்.

தமிழில் 247 எழுத்துகள். அத்தனையையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்று வைத்தால், அதற்குள் பிள்ளைக்கு எழுத்தே சலித்துவிடும். ட, ப, ம என்று மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே புள்ளி வைத்தால் ஒலி எப்படி மாறுகிறது என்று காட்டினால், முதல் வாரங்களிலேயே படம், பட்டம் என்று சொற்கள் கைக்கு வந்துவிடும். கீழ்மட்டக் கரும்பலகையின் முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியைக் கவனித்தால் இது புரியும். 'ப', 'ட்', 'ட', 'ம்' என்று விட்டுவிட்டுச் சொல்கிறாள். மறுபடியும் சொல்கிறாள், இடைவெளி குறைகிறது. மூன்றாம் முறை ஒலிகள் ஒட்டிக்கொள்கின்றன, குரலே மாறிவிடுகிறது. "பட்டம்! எங்க அண்ணன் விடுவானே டீச்சர், அது!" நான்கு எழுத்துகளை அவள் சேர்த்தாள், பொருளை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதன் பயனே அந்த நொடிதான்.

அந்தக் கரும்பலகை நம் சுவர்களில் தாழ்வாக இறங்கி வந்தது செயல்வழிக் கற்றலோடு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. அட்டைகளும் ஏணிப்படியும் இன்று பழங்கதை ஆகியிருக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறட்டும் என்ற எண்ணம் பழசாகவில்லை. கொரோனாவில் பள்ளியைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காக 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையிலிருந்தே கைப்பிடித்து அழைத்துப் போகச் சொல்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அரும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ் வாசிப்பில் இன்னொரு படியும் உண்டு. புத்தகத்தில் இருக்கும் தமிழை எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. 'மழை பெய்தது. குளம் நிரம்பியது' என்று ஒரு பையன் தப்பில்லாமல் படித்துவிடுகிறான். புத்தகத்தை மூடச் சொல்லி, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிறேன். "மழ பேஞ்சுச்சு டீச்சர், கொளம் ரொம்பிருச்சு" என்கிறான். அவன் வாசித்துவிட்டான் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம். அந்த இடத்தில் "பெய்தது என்று சொல்" என்று திருத்தினால், புரிந்துகொண்டதற்கே அவனைத் தண்டித்ததாகிவிடும். நூல் தமிழ் அவன் காதில் ஏற வேண்டுமானால் நாம்தான் தினமும் கதை படித்துக் காட்ட வேண்டும். நாள்தோறும் கால் மணி நேரம், குரலை ஏற்றி இறக்கி, கதாபாத்திரத்துக்குத் தக்கபடி படித்தால், சில மாதங்களில் 'சென்றான்', 'கூறியது' எல்லாம் பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சிலேயே எட்டிப் பார்க்கும்.

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்புக்கு எளிய சூத்திரம் ஒன்றைச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. அவர்கள் கூட்டலைச் சொல்லவில்லை, பெருக்கலைச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று சுழியம் என்றால் விடையும் சுழியம்தான்.

இந்தக் கணக்கை ஆங்கிலப் பாடத்தில் போட்டுப் பார்த்தால், நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். 'சி ஏ டி, கேட்' என்று வகுப்பே கோரஸாகச் சொல்கிறது. சி, ஏ, டி என்பவை எழுத்துகளின் பெயர்கள். எத்தனை வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'சியேட்டி' என்றுதான் வருமே தவிர, 'கேட்' வராது. ஆகவே பெயருக்கு முன்னால் ஒலியைக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 1992-இல் வெளிவந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறை எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகளோடு தொடங்குகிறது. இந்த ஆறை வைத்தே பின், டின், டேப், சிட் என்று பல சொற்களைக் கூட்டலாம். நம் ட, ப, ம செய்யும் வேலையையே அவையும் செய்கின்றன.

இங்கிலாந்தில் 2012 முதல், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வாசிப்புச் சோதனை நடத்துகிறார்கள். 40 சொற்கள், அவற்றில் பாதிக்குப் பொருளே கிடையாது, சோதனைக்கென்றே உண்டாக்கியவை. மனப்பாடத்தில் சொல்கிறானா, எழுத்தைப் பார்த்துச் சொல்கிறானா என்று பிரித்தறியத்தான் இந்த ஏற்பாடு. நம் பிள்ளைகளுக்கு அப்படிப் பொருளற்ற சொற்களைத் தனியாகத் தயாரிக்க வேண்டியதே இல்லை. இதுவரை காதில் விழாத ஆங்கிலச் சொல் எதுவானாலும், நம் பிள்ளைக்கு அது பொருளற்ற சொல்தான். அவன் அதை அழகாக உச்சரித்தாலும் பெருக்கலின் விடை சுழியம்.

அதனால் காதில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்திலிருந்து தொடங்குவதே என் வழக்கம். பஸ், வேன், கப், டின், பெட், பேக், பென், நெட், சிம். இவை எந்தக் குக்கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும். சட்டையில் குத்தியிருக்கும் பின்னும் தெரியும், குப்பை போடும் டஸ்ட்பின்னும் தெரியும். தமிழில் எழுதினால் இரண்டு 'பின்'னும் ஒன்றாகவே இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளின் வாய் முன்பே அறியும். 'பம்பரம்' என்று சொல்லிப் பார்த்தால், முதலில் வரும் ப ஒருவிதமாகவும் அடுத்த ப வேறுவிதமாகவும் ஒலிப்பது தெரியும். தமிழ் எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். நோட்டிலிருந்து மெல்லிய காகிதக் கீற்றைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். சட்டைப் பின்னைச் சொல்லும்போது காற்று வெடித்துக் கீற்று துள்ள வேண்டும். குப்பைப் பின்னைச் சொல்லும்போது துள்ளக் கூடாது. வகுப்பு முழுக்கக் காகிதம் ஆடும். அன்றைக்குப் பிறகு அந்த இரண்டு எழுத்துகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டு தமிழைப் போல நேர்மையானதல்ல என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தபின் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்துபோனது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் நெட்டுயிர்களின் உச்சரிப்பு மாறிக்கொண்டே போனது. பழைய ஒலிகளின் தடங்கள்தான் இன்று பிள்ளைகளை இடறிவிடுகின்றன. ஐரோப்பாவின் 13 மொழிகளில் பிள்ளைகள் வாசிக்கக் கற்கும் விதத்தை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு, ஆங்கிலத்தில் அடிப்படை வாசிப்பு கைவர மற்ற பல மொழிகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடிக்கிறது என்றது. ஆங்கிலமே தாய்மொழியாகப் பிறந்த பிள்ளைகளுக்கே அந்த நிலை. அப்படியிருக்க, ஒன்றாம் வகுப்பில் மூன்றாம் பருவத்துக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் என்று நம் பிள்ளைகளை விரட்டுவதில் நியாயமில்லை.

அந்த நேரத்தைப் பேச்சுக்குக் கொடுக்கலாம். "மே ஐ டிரிங்க் வாட்டர்?" என்று ஒப்பிப்பதைப் பேச்சாகக் கணக்கில் வைக்க முடியாது. ஒரு பைக்குள் சீப்பு, எலுமிச்சம்பழம், பூட்டு என்று போட்டு வைத்து, ஒருவர் கைவிட்டுத் தடவிப் பார்க்க, மற்றவர்கள் "வாட் இஸ் இன் த பேக்?" என்று கேட்டால், அங்கே கேள்விக்கு உண்மையிலேயே ஒரு தேவை இருக்கிறது. விடை தெரியாததால் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டுப் பழகிய வாக்கியத்தைப் பிறகு அட்டையில் எழுதிக் காட்டினால், கண் அதை எளிதாக அடையாளம் கண்டுகொள்ளும்.

பெற்றோரிடம் இதைச் சொல்வது எளிதல்ல. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் சேர்க்கவே பலரும் விரும்புகிறார்கள். "எங்களுக்குத்தான் வரல. இவளாவது நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசட்டும் டீச்சர்" என்று நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் சொல்லும்போது, அதில் குறைகாண எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆங்கிலம் எதை எதைத் திறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அது கிடைக்காததால் தான் இழந்தது என்ன என்றும் தெரியும். அவரிடம் நான் சொல்வது இதைத்தான்: "உங்க பொண்ணு தமிழ்ல நல்லாப் படிச்சா, இங்கிலீஷும் சீக்கிரம் வந்துரும்மா. ராத்திரி அவள ஒரு கதை படிக்கச் சொல்லிக் கேளுங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னாலும் பரவால்ல. கதையில என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க." பிள்ளை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்னும்போதுதான் வாசிப்பு முழுமை பெறுகிறது.

அதற்குப் புத்தகம் வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வாசிப்பு இயக்கம் தந்த சிறு புத்தகங்கள் இன்று பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றைப் பீரோவில் பூட்டி வைத்து, இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும் புத்தகத்தை ஒரு வீடே படித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்தே கைநழுவிப் போகின்றன. பிறகு, படிப்பு ஏறாத பிள்ளை என்று அதற்குப் பட்டம் கட்டிவிடுகிறோம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் கூடுதல் நேரமும் தனிப் பயிற்சியும் வேண்டும். மற்ற பிள்ளைகளுக்குத் தேவை, வாரத்தில் ஒருமுறையாவது பக்கத்தில் உட்காரவைத்து, பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் ஒருவர். பதிவேடு, செயலி, பயிற்சிக் கூட்டம் என எது வந்தாலும், ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியரிடமிருந்து அந்த நேரத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இரண்டு ஆண்டுகளில் கேட்கப்பட்ட பிள்ளை, பிறகு எந்த மொழியின் புத்தகத்தையும் அச்சமில்லாமல் திறக்கும்.