கிளாரினெட் ரீடு: நாணலா, செயற்கையா?

மே 8, கூடுவாஞ்சேரி

கிளாரினெட்டில் ஒலி பிறக்கும் இடம் ரீடின் நுனி. பி-பிளாட் கிளாரினெட்டின் ரீடு ஏறத்தாழ 68 மில்லிமீட்டர் நீளம். நுனியின் கனமோ 0.1 மில்லிமீட்டர் அளவுதான். அருண்டோ டோனக்ஸ் என்னும் பெருநாணலின் தட்டையிலிருந்து இதைச் சீவி எடுக்கிறார்கள். தென் பிரான்சின் வார் பகுதியில் விளையும் நாணலுக்குப் பெயர் அதிகம். 1905-இல் தொடங்கிய வாண்டோரன் நிறுவனத்தின் ரீடுகளும் அந்த வட்டாரத் தட்டையில் உருவானவையே. நல்ல ரீடின் பட்டை பொன்மஞ்சளாக இருக்கும். பச்சை தெரிந்தால் தட்டை முற்றவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒரு நிழல் தெரியும்; அது இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். பத்து ரீடு உள்ள பெட்டியில் மூன்று, நான்கு தேறினால் போதும் என்பது வாசிப்பவர்கள் கணக்கு.

மே 21

அக்னி நட்சத்திரம் நாணல் ரீடுக்கு ஆகாத காலம். ஈரம் வற்றியதும் நுனி அலை அலையாக நெளிந்து, மவுத்பீஸின் மேல் படியாமல் காற்றை ஒழுகவிடுகிறது. சுருதி பிசகி, கீச்சொலி வருகிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பேண்டு செட்டு, கார் ஜோடித்து முடியும்வரை தெருவில் காத்து நிற்கும். அந்த இடைவெளியில் ரீடு காய்ந்துவிடும். மறுபடி வாயில் வைத்து நனைத்தால்தான் எடுபடும். செயற்கை ரீடுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை. எடுத்ததும் ஊதலாம்.

ஜூன் 15

செயற்கை ரீடு புதிய சரக்கு அல்ல. ஆனால் கச்சேரிக்காரர்கள் அதை மதிக்கத் தொடங்கியது, பாலிப்ரொப்பிலீனில் ரீடு செய்யும் கனடாவின் லெஷேர் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகுதான். ஜப்பானின் ஃபாரஸ்டோன் பிளாஸ்டிக்கோடு மூங்கில் நார் கலக்கிறது. விலைதான் கையைக் கடிக்கும்: ஒரு செயற்கை ரீடுக்குக் கொடுக்கும் காசில் ஏறத்தாழ ஒரு பெட்டி நாணல் ரீடே வாங்கலாம். கவனமாக வைத்தால் மாதக்கணக்கில் உழைக்கும் என்பதால் கணக்கு நேராகிவிடும். நுனி பல்லில் பட்டு விரிந்தால் மட்டும் மொத்தக் காசும் போச்சு. ரீடின் கடினத்தைக் குறிக்கும் நம்பரும் ஏமாற்றும். ஒரு நிறுவனத்தின் இரண்டரை நம்பர் இன்னொன்றின் இரண்டரைக்குச் சமமாகாது; நாணலில் வாசித்த நம்பரையே செயற்கையிலும் கேட்டு வாங்குவது வீண் செலவு.

ஆகஸ்ட் 3

தமிழ்நாட்டில் கிளாரினெட் வெறும் பேண்டு வாத்தியம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் சதிராட்டத்துக்கு வாசிக்கும் சின்னமேளத்தில், முகவீணை என்னும் சிறு குழலின் இடத்துக்கு வந்தது. பிறகு தனிக்கச்சேரி மேடையும் ஏறியது. அந்த மேடையில் அதற்குப் பெருமை சேர்த்தவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன்; அவர் 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். விரலோடு உதட்டின் அழுத்தமும் சேர்ந்தே கமகத்தை வளைக்கிறது. நல்ல நாணல் ரீடு அந்த அழுத்தத்துக்கு நுணுக்கமாக இசையும். நாகஸ்வரக்காரர்கள் தங்கள் நாணல் ரீடான திருவாவடுதுறைச் சீவாளியை விடாததற்கும் காரணம் இதுவே. வாத்தியத்திலேயே மாற்றுச் சீவாளிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, வேளைக்கு எது எடுபடுகிறதோ அதைப் பொருத்திக்கொள்வார்கள். செயற்கை ரீடில் ஒலி தெளிவாகவும் ஒரே சீராகவும் வரும். தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது அந்தச் சீரே கொஞ்சம் விறைப்பாகப்படும்.

அக்டோபர் 24

வடகிழக்குப் பருவமழை வந்ததும் தொல்லை தலைகீழாகிறது. ஈரத்தோடு மூடிவைத்த நாணல் ரீடில் கரும்பூஞ்சை புள்ளி விழும். வாசித்ததும் துடைத்து, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் உலரவைத்த பிறகே உறையில் போட வேண்டும். பூஞ்சை பிடித்ததை வாயில் வைக்கக் கூடாது. செயற்கை ரீடை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினால் போதும்.

டிசம்பர் 12

தெரு ஊர்வலத்துக்கும், மே மாதத்துக்கும், ஆத்திர அவசரத்துக்கும் செயற்கை. கமகம் கேட்கும் கச்சேரிக்கு நாணல். கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு இரண்டு அல்லது இரண்டரை நம்பர் நாணல் ரீடு ஒரு பெட்டி வாங்கினால் போதும். உதடு பழகி, எந்த நம்பர் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு, ஒரே ஒரு செயற்கை ரீடு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.