வழக்கு முடியட்டும்!

“வழக்கு முடியட்டும், அண்ணி! முடிந்ததும் மேல்முறையீடு இருக்கிறது. இப்போது உட்காருங்கள்!”

இந்தச் சொற்களைச் சொன்னவன் நான். சொன்ன இடம், எங்கள் மாவட்டத் தலைநகரின் நீதிமன்றக் கூடம். ஆண்டு 2014. கேட்டவர், கணவனைக் கொலைக்காரர்களிடம் பறிகொடுத்து மூன்று திங்களும் நிறையாத என் அண்ணி.

தோழர்களே! பிறர் செய்த பிழையைச் சுட்டிக்காட்ட ஆயிரம் பேர் உண்டு. தன் பிழையைத் தானே எழுதுவதற்குத்தான் மனம் கூசுகிறது. எனினும் எழுதுகிறேன். ஏனெனில், அன்று நான் சொன்ன அந்தச் சொற்களை இன்றும் நாட்டிலே பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் — நல்லெண்ணத்தோடு சொல்லுகிறார்கள், நாகரிகமாகச் சொல்லுகிறார்கள், நாசம் விளையும் என்பதை அறியாமலே சொல்லுகிறார்கள்!

என் அண்ணன் பெரிய மனிதரல்லர். தறிக்கூடம் ஒன்றில் கணக்கெழுதியவர். கந்துவட்டிக்காரர் ஒருவரின் கொடுமை பொறுக்காமல் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். கொடுத்த பத்தாம் நாள், தேநீர்க் கடை வாயிலிலே வெட்டுண்டு விழுந்தார். பார்த்தவர் நால்வர். நால்வரும் வாக்குமூலம் தந்தனர். மூவர் கைதாயினர்.

பிணை மனு விசாரணைக்கு வந்தது. அண்ணியும் நானும் சென்றிருந்தோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேசினார்; நயமாகப் பேசினார். அரசு வழக்கறிஞர் எழுந்தார், ஆட்சேபணை என்றார், அமர்ந்தார். அவ்வளவுதான்! மூவரில் ஒருவருடைய ஆட்கள் ஏற்கெனவே எங்கள் தெருவுக்கு வந்து சாட்சிகளை மிரட்டிச் சென்றது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் அண்ணி. அவர் எழுந்து நின்றார்.

“அய்யா, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?”

உங்களுக்காகத்தான் அரசு வழக்கறிஞர் இருக்கிறார், உட்காருங்கள் என்று பதில் வந்தது. கடுமையாகக்கூட அல்ல, கனிவாகத்தான் வந்தது. அண்ணி உட்காரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் மெல்லிய குரலில் அந்தச் சொற்களைச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார்.

பிணை கிடைத்தது. வந்தவர்கள் அதே தெருவுக்கு வந்தார்கள். அதே தேநீர்க் கடையிலே அமர்ந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. அமர்ந்தார்கள், அவ்வளவுதான்! 2018-இல் சாட்சிக் கூண்டேறிய நால்வரில் மூவர் பிறழ்சாட்சியாயினர். நான்காமவர் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். 2019-இல் தீர்ப்பு — விடுதலை!

நான் வாக்களித்திருந்தேனே, மேல்முறையீடு இருக்கிறது என்று! அது பொய்யன்று. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை வழங்கப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் என்றால் அவருடைய சட்டப்படியான வாரிசும் அடங்குவார் என்றும் அத்திருத்தம் விளக்கியிருந்தது. அந்த உரிமைக்கு உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கிலே உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியிருந்தது. ஆகவே சென்றோம். கேட்டார்கள், பொறுமையாகவே கேட்டார்கள். ஆனால் மேல்முறையீடு என்பது என்ன? ஏட்டிலே பதிந்திருப்பதை எடைபோடுவது. ஏட்டிலே பதிந்திருந்தது என்ன? “நான் பார்க்கவில்லை”, “எனக்குத் தெரியாது”, “காவலர் எழுதிய தாளில் கையெழுத்திட்டேன்”. தராசு பழுதற்றது, தட்டிலே வைக்கத்தான் ஒன்றுமில்லை. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

சிலம்பை உடைத்துக் காட்டினாள் கண்ணகி. பரல் முத்தல்ல, மாணிக்கம் என்று கண்டான் பாண்டியன். தவறு உணர்ந்தான், தன் உயிரையே ஈந்தான். அதனினும் பெரிய திருத்தத் தீர்ப்பு உலகில் உண்டா? எனினும், கோவலன் எழுந்து வந்தானா? வழக்கு முடிந்தபின் கிடைக்கும் செவி, எத்துணைப் பெரிய செவியாக இருப்பினும், முடிந்ததை மீட்டுத் தராது. இதை உணர எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

இன்னொன்றையும் பின்னர்தான் அறிந்தேன். அறிந்த நாளில் உறங்கவில்லை. 2014-இலேயே வழி இருந்தது! பிணையை நீக்கும் அதிகாரம் யார் மனுச் செய்தார் என்பதைப் பொறுத்ததன்று என மதுரை மாவட்ட வழக்கொன்றில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. முறையற்று வழங்கப்பட்ட பிணையை எதிர்த்துப் புகார்தாரரே மேல்மன்றம் செல்லலாம் என 2001-இல் பூரன் எதிர் ராம்பிலாஸ் வழக்கிலும் தீர்ப்பு வந்துவிட்டது. கதவு இருந்தது; தாழ்ப்பாளும் இல்லை. கதவு இருப்பதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருக்க வேண்டியவன், சட்டம் படித்ததாக எண்ணிக்கொண்டிருந்த நான், உட்காருங்கள் என்று சொன்னேன்!

2022 ஏப்ரல் 18. லக்கிம்பூர் கேரி வழக்கிலே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளிவந்த நாள். 2021 அக்டோபர் 3-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வண்டி ஏறிய கொடுமையையும், எண்மர் உயிரிழந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. காணொளி வழியே நடந்த விசாரணையில், பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞருடைய இணைப்பு நடுவிலே அறுந்துபோயிற்று. மீண்டும் எங்களைக் கேளுங்கள் என்று மனுச் செய்தனர், அதுவும் கவனிக்கப்படவில்லை. அங்கே கம்பி அறுந்தது. எங்கள் ஊரிலே கம்பியே இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்!

உச்ச நீதிமன்றம் என்ன கூறிற்று? விசாரணைக் கட்டம் முதல் மேல்முறையீடு முடியும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குக் கேட்கப்படும் உரிமை உண்டு என்றது, பிணையை நீக்கியது, மீண்டும் கேட்டு முடிவு செய்க என்று மனுவைத் திருப்பி அனுப்பியது. பின்னர் 2023 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பிணை வழங்கியது என்பதையும் மறைக்க மாட்டேன். அதிலே முரண்பாடு இல்லை. கேட்கப்படும் உரிமை வேறு, கேட்டதெல்லாம் கிடைக்கும் உரிமை வேறு. அண்ணி கேட்டது முதலாவதைத்தான்.

இனி, ஒரு கேள்வி. உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்துவிட்டது. அந்த உரிமையை ஒரு நீதிமன்றம் நடுவழியிலே மறுத்தால்? பிணை உத்தரவாக இருந்தால் நீக்கக் கோரலாம். வேறு உத்தரவாக இருந்தால்? முன்பிருந்த சட்டத்தின் 397-ஆம் பிரிவு, இடைக்கால உத்தரவுகளைச் சீராய்வு செய்யக்கூடாது என்று தடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 438-ஆம் பிரிவும் அத்தடையை அப்படியே வைத்திருக்கிறது. புதிய சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு எப்போது? விடுதலை செய்யப்பட்டால், குறைந்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டால், இழப்பீடு போதாதிருந்தால் — இம்மூன்றுக்கும்தான். மூன்றும் முடிவிலே வருபவை. என்னைக் கேட்க மறுத்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

புதிய சட்டம் நல்லதும் செய்திருக்கிறது. வழக்கை அரசு திரும்பப் பெறுவதற்கு முன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது 360-ஆம் பிரிவு. புலனாய்வின் நிலையைத் தொண்ணூறு நாள்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆம் பிரிவு. அதற்கும் முன்பே, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15-அ பிரிவு சேர்ந்தது. பிணை, விடுவிப்பு, தண்டனை ஆகிய எதிலும் பாதிக்கப்பட்டவர் கேட்கப்பட வேண்டும் என்றது. அறிவிப்புத் தராமல் வழங்கிய பிணை நில்லாது என 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிரூட்டியது. ஆண்டாண்டாகப் பேசவிடாமல் அடிக்கப்பட்ட மக்களுக்கு முதலில் கிடைத்த செவி அது, வரவேற்கத்தக்கது. ஆயினும், அச்சட்டம் 14-அ பிரிவிலே உயர் நீதிமன்ற மேல்முறையீட்டை வழங்கும்போது, பிணை உத்தரவு நீங்கலாக, இடைக்கால உத்தரவுகளுக்கு அது இல்லை என்றே எழுதியிருக்கிறது.

உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் இருக்கிறதே என்பார் அறிந்தோர். உண்டு. 1977-இல் அமர்நாத் வழக்கும் மது லிமாயே வழக்கும் ஒரு பாதை வகுத்தன. ஒருவருடைய உரிமையை ஆழமாகத் தொடும் உத்தரவை வெறும் இடைக்கால உத்தரவு என்று ஒதுக்கக்கூடாது என்றன. ஆனால் அந்த அதிகாரம் மன்றத்தின் விருப்பத்தைச் சார்ந்தது. தறிக்கூடக் கணக்கரின் மனைவி சென்னைக்கும் மதுரைக்கும் வண்டியேறி, வழக்கறிஞர் அமர்த்தி, அந்த விருப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கீழே வழக்கு நடந்து முடிந்துவிடும்!

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்ப்பதே பகுத்தறிவு. நடுவழியிலே ஒவ்வொரு உத்தரவுக்கும் மேல்முறையீடு என்றால் வழக்கு என்று முடியும்? சிறையிலே கிடக்கும் குற்றமற்றவன் ஒருவன் அதனால் ஆண்டுக்கணக்கில் வாட மாட்டானா? பழிவாங்கும் வெறியைச் சட்டமாக்க முடியுமா? நியாயமான கேள்விகள். தடை எழுதியவர்கள் தீயவர்கள் அல்லர், தாமதத்துக்கு அஞ்சியவர்கள். அந்த அச்சத்துக்கு விடை கூறாமல் உரிமை கேட்பது முழக்கமாகுமேயன்றி வாதமாகாது.

விடையைக் கடல்கடந்த நாடொன்றில் கண்டேன். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் வந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் பாதிக்கப்பட்டவரின் உரிமையை மறுத்தால், அவர் உடனே மேல்மன்றத்தில் ஆணைமனு இடலாம். மேல்மன்றம் 72 மணி நேரத்துக்குள் முடிவு கூற வேண்டும். அதற்காகக் கீழ்மன்ற நடவடிக்கையை ஐந்து நாள்களுக்குமேல் நிறுத்தக்கூடாது. பாருங்கள், உரிமையையும் கடிகாரத்தையும் ஒரே ஏட்டிலே எழுதினார்கள்!

அது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்சில் தந்தையும் மகனும் சேர்ந்து ஏறத்தாழ 10 கோடி டாலர் மோசடி செய்தனர். தந்தைக்குத் தண்டனை விதித்த நாளில் ஏமாந்தோர் பேசினர். சில திங்கள் கழித்து மகனுடைய முறை வந்தபோது, முன்பே கேட்டுவிட்டேன், போதும் என்றார் நீதிபதி. ஏமாந்தவர் ஒருவர் மேல்மன்றம் சென்றார். தண்டனை விதிக்கும் ஒவ்வொரு முறையும் நேரில் பேசும் உரிமை உண்டு என்று 2006-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இன்னுமொன்று கூறியது: 72 மணி நேரத்துக்குள் நாங்கள் முடிவு சொல்லத் தவறினோம், மனுதாரரிடம் வருத்தம் தெரிவிக்கிறோம் என்று! நீதிமன்றம் ஒன்று, பாதிக்கப்பட்ட குடிமகனிடம் தாமதத்துக்காக வருத்தம் தெரிவித்தது. அந்த வரியை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி படிக்கச் சொன்னார்.

அங்கும் எல்லாம் செவ்வனே நடந்துவிடவில்லை. சால்ட் லேக் நகரில் 2007-இல் அங்காடி ஒன்றிலே துப்பாக்கிச் சூடு நடந்தது, ஐவர் மாண்டனர். கொன்றவனுக்கு, அவன் சிறுவனாயிருக்கையில் கைத்துப்பாக்கி விற்றவன் மீதான வழக்கிலே, மகளை இழந்த பெற்றோர் பேச விரும்பினர். நீங்கள் இந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்றது கீழ்மன்றம். ஐயத்துக்கிடமற்ற தவறாக இருந்தாலன்றித் தலையிட மாட்டோம் என்று 2008-இல் கைவிரித்தது பத்தாம் வட்ட மேல்மன்றம். ஆனால் அந்நாட்டார் அதோடு நிற்கவில்லை. 2015-இல் சட்டத்தைத் திருத்தினர். இத்தகைய மனுக்களை வழக்கமான மேல்முறையீட்டின் அளவுகோல்கொண்டே ஆராய வேண்டும் என எழுதினர். சட்டம் வேதமன்று, குறை கண்டால் திருத்தலாம். திருத்தக்கூடியதாக இருப்பதுதான் சட்டத்தின் பெருமை.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. எல்லா உத்தரவுக்கும் மேல்முறையீடு வேண்டாம். கேட்கப்படும் உரிமை மறுக்கப்பட்டதா என்ற ஒன்றே ஒன்றுக்கு வேண்டும். அதற்கும் கடிகாரம் வேண்டும். பிணை மனுவின் நாளிலேயே அந்த உரிமையைப் பாதிக்கப்பட்டவரின் தாய்மொழியில் எடுத்துச் சொல்லும் கடமையை நீதிமன்றமே ஏற்க வேண்டும். வழக்கறிஞரில்லாதவருக்கு இலவச சட்ட உதவி மையம் அன்றே துணைநிற்க வேண்டும். இவற்றால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை ஒரு நூலளவும் குறையாது. அவரும் பேசட்டும், இவரும் பேசட்டும், இருவரையும் கேட்டு நீதிபதி முடிவு சொல்லட்டும்!

இளைஞர்களே! நீதிமன்றத் தாழ்வாரங்களுக்குச் சென்று பாருங்கள். சுவரோரத்திலே, கையிலே பழைய தாள்களைப் பிடித்தபடி, யார் அழைப்பார் என்று தெரியாமல் நிற்கும் பெண்களைக் காண்பீர்கள். அவர்களருகே சென்று, நீங்கள் பேசலாம், மறுத்தால் மேலே கேட்கலாம் என்று சொல்லுங்கள். 2014-இல் எங்களுக்கு அதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், மூவர் பிறழ்ந்திருப்பார்களா என்று நான் உறுதி கூற இயலாது. ஆனால் அண்ணி பேசியிருப்பார்.

சென்ற திங்கள் அவரிடம் கேட்டேன், அன்று என்ன சொல்ல நினைத்தீர்கள், அண்ணி என்று.

“சாட்சிக்காரங்க நம்ம தெருவிலதான் இருக்காங்க, இவங்க வெளியே வந்தா எங்க போவாங்கன்னு கேட்க நினைச்சேன், தம்பி. வேற ஒண்ணுமில்லை.”

ஒரே ஒரு வரி! அந்த ஒரு வரியைக் கேட்க அன்றைக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை மறுத்தது நீதிமன்றம் மட்டுமன்று, நானும்தான். அன்று உட்காருங்கள் என்றேன். இன்று சொல்லுகிறேன், எழுந்து நில்லுங்கள்! வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.