தொட்டி மீனும் ஒரு சட்டமும்

வண்ண மீன் வளர்ப்பு வேலையற்றவர் வேலை என்று எண்ணுவோர் நம் வகுப்பிலேயே பலர் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என் தொட்டியில் நீந்தும் கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களின் வம்சத்தவை; ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்து. ஆயினும் இவற்றில் ஒன்றுகூட விமானம் ஏறியதில்லை. சென்னை கொளத்தூர்ப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டிகளில் பிறந்து, பாலிதீன் பையில் பேருந்தேறி வந்தவை. ஆகவே அயல்நாட்டு உயிரினச் சட்டம் என்றதும் என் போன்றோர் காதைத் தீட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்த 2021 டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. 2022-இல் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஊறு செய்யும் அயல் உயிரினங்களின் இறக்குமதி, வாணிபம், பெருக்கம் ஆகியவற்றோடு அவற்றை வைத்திருப்பதையும் மைய அரசு கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம் என்கிறது அதன் ஒரு பிரிவு. பறிமுதல் செய்து அழிக்கவும் அதிகாரம் உண்டு. எந்தெந்த உயிரினம் என்பதை அரசு ஆணையிட்டு அறிவிக்கும். துறைமுகத்தோடு நிற்கவேண்டிய சட்டம் கூடத்துத் தொட்டிவரை வருகிறதே என்று வளர்ப்போர் கலங்கியதில் நியாயமில்லாமல் இல்லை. 2017-இல் மீன் கடைகளுக்கென்று விதிகள் வந்து, எதிர்ப்பு கிளம்பி, பின்னர் திரும்பப் பெறப்பட்ட கதையும் அவர்கள் நினைவில் இருந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்களே, அந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தியை நம்மூர் ஏரிகளுக்குக் கொண்டுபோனது என் போன்ற தொட்டிக்காரர்கள்தாம். வாங்கும்போது விரல் நீளம். பாசி தின்னும், தொந்தரவு செய்யாது. வளர்ந்து ஓரடியைத் தாண்டியதும் தொட்டி போதாது. கொல்ல மனம் வராது. ஏரியில் விட்டால் புண்ணியம் என்று தோன்றும். அங்கே அது கரையில் வளை தோண்டுகிறது. உடலெங்கும் எலும்புத் தகடு இருப்பதால் அதை விழுங்கத் துணியும் மீன் குறைவு. முட்கள் வலையைக் கிழிக்கின்றன, சந்தையில் விலைபோவதுமில்லை. நட்டமெல்லாம் மீனவருக்கு.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொசுப்புழுவைத் தின்னும் என்று 1928-இல் இத்தாலியிலிருந்து வரவழைத்த கம்பூசியா மீனும், 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து இன்று ஜிலேபிக் கெண்டையாக எங்கும் நிறைந்திருக்கும் திலேப்பியாவும் எந்தத் தொட்டிக்காரனும் கொண்டுவந்தவை அல்ல. நல்லெண்ணத்தோடு அதிகாரப்பூர்வமாகவே வந்தவை.

என் அச்சம் வேறு. சட்டம் பற்றிய செய்தி அரைகுறையாகப் பரவிய நாட்களில், எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அப்படிப்பட்ட கெளுத்தியை வாளியில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, இதை வைத்திருந்தால் வழக்குப் போடுவார்களாமே. ஏரியில் விட்டுவிடட்டுமா?” என்று கேட்டார். எதைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அதையே சட்டத்துக்குப் பயந்து செய்ய முனைகிறார்! “விட்டுவிடாதீர்கள் ஐயா” என்று சொல்வது எளிது. வேறெங்கே கொண்டுபோவது என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை.

தடுக்கப்படும் மீன்களின் பெயர்களைத் தமிழில், படத்தோடு, ஒவ்வொரு கடையிலும் ஒட்டவேண்டும் என்பேன். வேண்டாத மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஊருக்கு ஓரிடமாவது வேண்டும். நம் விலங்கியல் துறையே அப்படியொரு தொட்டி வைக்கலாகாதா? பேராசிரியர்கள் யோசிக்கலாம்.

அன்று பெரியவரையும் வாளியையும் கடைக்காரரிடமே அழைத்துப் போனேன். அவர் எட்டிப் பார்த்தார். “கொடுங்க தம்பி, வாங்கிக்கிறேன். காசு மட்டும் கேட்காதீங்க” என்றார்.