பலகையில் பெயர் இல்லையென்றால்

"ராத்திரி பதினொரு மணிக்குப் பையனக் கூட்டிட்டுப் போயிட்டாவ தம்பி" என்று சாயர்புரத்திலிருந்து ஒரு அம்மா அழைத்தார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் பறிகொடுத்த மாவட்டம் இது. விடியுமுன் கிளம்பினோம்.

போன ஸ்டேஷனில், "இங்க யாரும் இல்ல." தகவல் பலகையைக் காட்டச் சொன்னோம். தோழர்களே, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பெயர் வாயில் நுழையாது, எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்) பிரிவு 37: கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மையை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும். பலகையில் அவன் பெயர் இல்லை. 'விசாரணை' என்று கூட்டிப்போனால் பெயர் ஏறாது.

அங்கேயே ஆர்டிஐ மனு எழுதினோம். உயிர், சுதந்திரம் பற்றிய தகவலுக்கு 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மற்றதற்கு 30 நாள். கூட்டிப்போன நேரத்தையும் எழுதி, எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் நகல் அனுப்பினோம்.

மதியம் கைது குறிப்பாணை வந்தது. அதில் கைதான நேரம் காலை பத்து மணி. எங்கள் மனுவில் ஸ்டேஷன் முத்திரை விழுந்தது ஏழரைக்கு.