வளையும் மரத்தின் மேலாடை

நுழையும்முன்
ஒரு பொருளைச் செய்து முடிப்பது பாதி வேலை. அதைக் காலத்திடமிருந்து காப்பது மறுபாதி. கையால் செய்த மரவில்லுக்கு எந்தப் பூச்சு, எந்தச் சாயம் என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை தேடும்போது வேதியியலும் வானிலையும் முன்னோரின் தொழிலறிவும் ஒன்றுகூடுகின்றன.

மரமும் வில்லும்
தமிழில் 'சிலை' என்னும் சொல் வில்லைக் குறிக்கும். ஒருவகை மரத்தையும் குறிக்கும். மரத்தின் பெயரே அதிலிருந்து பிறந்த கருவிக்கும் ஆகிவந்தது. சேரர் தம் கொடியில் வில்லைப் பொறித்தனர். கொல்லிமலையை ஆண்ட ஓரி, 'வல்வில்' என்னும் அடைமொழியாலேயே இன்றும் அறியப்படுகிறான். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அம்மலையில் அவன் பெயரால் விழா நடைபெறுகிறது. ஆல்ப்சு மலையின் பனியில் 1991ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, 5000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் அருகிலும் ஒரு வில் கிடந்தது. 1.82 மீட்டர் நீளமுள்ள அந்த வில், செதுக்கி முடிக்கப்படாத நிலையில் இருந்தது. அதை உருவாக்கியவன் மறைந்தான். உறைபனி அதைக் காத்தது.

நம் மண்ணில் உறைபனி இல்லை. இங்கு வில்லைக் காக்கவேண்டியது மனிதனின் கைதான். இன்றும் இந்தியாவில் தேசிய அளவில் மூங்கில் வில்லுக்கெனத் தனிப் போட்டிப் பிரிவு உண்டு. இராசத்தான் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற லிம்பா ராம், சிறுவயதில் மூங்கில் வில்லில் பயின்றவரே. ஆதலால் மரவில்லைக் காக்கும் கலை அருங்காட்சியகத்திற்கு மட்டும் உரியதன்று.

தாம்பரத்தின் காற்று
மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றோடு கொண்ட உறவை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது நீரை உள்வாங்கும், குறையும்போது வெளிவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காட்டில் நிலைகொள்ளும். ஒப்பு ஈரப்பதம் 80 ஆனால் அது ஏறத்தாழ 16 ஆக உயரும். ஈரம் மிகுந்த வில் தன் விசையை இழந்து, நாணைக் கழற்றிய பின்னும் வளைந்தபடியே நிற்கும். மிக உலர்ந்த வில்லோ இழுக்கும்போது முறியும்.

தாம்பரம், சேலையூர், வண்டலூர் முதலிய சென்னையின் தென்புறப் பகுதிகளில் இவ்விரு இடர்களும் ஒரே ஆண்டில் வந்து போகின்றன. கத்திரி வெயிலில், கடற்காற்று தலைகாட்டும் வரை நிலக்காற்று அனலாய் வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலோ வடகிழக்குப் பருவமழையில் சுவரும் துணியும் ஈரம் கோத்துக்கொள்கின்றன. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கைந்நூல்களை அப்படியே பின்பற்றுவது இங்குப் பொருந்தாது. இவ்வூரில் 500 கிராம் எடையுள்ள ஒரு மரவில், ஈரம் 9இலிருந்து 16 விழுக்காடாக உயர்ந்தால் ஏறத்தாழ 32 கிராம் கூடுதல் எடை பெறும். சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தாலே வில்லின் நலத்தை அறியலாம்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றிலும் தடுத்துவிடாது; அது நுழையும் வேகத்தைக் குறைக்க மட்டுமே செய்யும். பூச்சைத் தேர்வதற்குமுன் நினைவிற் கொள்ளவேண்டிய முதல் உண்மை இது.

நெகிழ்வு என்னும் தகுதி
கதவுக்கு ஏற்ற பூச்சு வில்லுக்கு ஏற்றதாகிவிடாது. கதவு வளைவதில்லை; வில்லோ ஒவ்வோர் எய்தலிலும் வளைந்து நிமிர்கிறது. நாணை இழுக்கும்போது எய்பவரை நோக்கிய உட்பக்கம் அழுந்துகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. மேற்பூச்சும் மரத்தோடு சேர்ந்து நீளவேண்டும். இறுகிய, நொறுங்கும் தன்மையுள்ள பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே மழைக்கால ஈரம் உள்ளே புகும்.

வீட்டிலுள்ள எண்ணெய் எதையேனும் தடவினால் போதாதா என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இதற்கு வேதியியல் விடை தருகிறது. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து இறுகும், சில இறுகா. இத்திறனை அயோடின் எண் கொண்டு மதிப்பிடுவர். தேங்காய் எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 10. நல்லெண்ணெய்க்கு 100ஐச் சற்றே கடந்தது. ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கும் மேல். எனவே தேங்காய் எண்ணெய் பூசிய வில் நெடுநாள் பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெயோ மரநாரின் உள்ளே சென்று இறுகி, வளையும் படலமாகும். மெல்லிய பூச்சுகளாக, ஒன்று நன்கு காய்ந்தபின் மற்றொன்றாக இடவேண்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்துவைத்தல் ஆகாது. இறுகும் வினையில் வெப்பம் பிறப்பதால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்தவேண்டும்.

நம் நாட்டின் கொடையான அரக்கு மற்றொரு தேர்வு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு இது. சாராயச் சத்தில் கரைத்துப் பூசினால் விரைவில் உலர்ந்து பளபளக்கும். காற்றின் ஈரத்தை எண்ணெயைவிட நன்கு தடுக்கும். ஆயினும் நீர் தேங்கினால் வெண்புள்ளி விழும்; வெப்பத்தில் இளகும். தேன்மெழுகு மழைத்துளியை உருண்டோடச் செய்யும். காற்றில் கலந்த ஈரத்தைத் தடுப்பதில் அதன் ஆற்றல் குறைவு. பாய்மரக் கப்பல்களின் மரத்தூண்களுக்கென உருவான நெகிழ்வான வார்னிஷ் இவ்வெல்லாவற்றினும் உறுதியானது. ஆனால் ஓரிடத்தில் உரிந்தால் அவ்விடத்தை மட்டும் சீர்செய்தல் கடினம். பெரும்பாலும் முழுவதையும் தேய்த்தெடுக்க நேரும்.

நிறத்தின் நேர்மை
வில்லுக்கு நிறமூட்டுவதில் அழகோடு பாதுகாப்பும் கலந்திருக்கிறது. வண்ணப்பூச்சு மரத்தை மூடி மறைக்கும்; சாயமோ மரத்துக்குள் ஊறி, அதன் வரிகளைக் காட்டும். அடர்ந்த பூச்சின் கீழ் ஒரு விரிசல் வளர்ந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. முழு விசையோடு இழுத்த வில் முறிந்தால் அதன் துண்டு எய்பவரின் முகத்தையே தாக்கக்கூடும். எனவே எய்வதற்கான வில்லில் மரம் தெரியவேண்டும். குறையை மறைக்கும் அழகு வில்லுக்கு உதவாது.

தமிழகத்தின் பழைய சாயத் தொழில் இதற்கு வழிகாட்டுகிறது. கலம்காரி ஓவியர் இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பலநாள் ஊறவைத்துக் கரும்நிறக் கரைசலை ஆக்குவர். கடுக்காய்ச் சாறு தோய்ந்த துணியில் அக்கரைசல் பட்டதும் அழுத்தமான கருமை பிறக்கும். கடுக்காயிலுள்ள துவர்ப்பொருளும் இரும்பும் கூடுவதால் விளையும் மாற்றம் இது. மரத்திலும் இதே வினை நிகழும்: கடுக்காய்ச் சாற்றை முதலில் ஊறவைத்து உலர்த்தி, மேலே இரும்புக் கரைசலைத் தடவினால் மரவரிகள் மறையாமலே நிறம் கறுக்கும்.

துவர்ப்பொருளின் கதை தாம்பரத்தின் அண்டை ஊரிலும் உண்டு. குரோம்பேட்டை என்னும் பெயர், அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. குரோமிய உப்புகள் வருவதற்கு முன் தென்னகத்தில் தோலைப் பதப்படுத்தியவற்றுள் முதன்மையானது ஆவாரம்பட்டை. அப்பட்டையின் ஆற்றலும் துவர்ப்பொருளே. விரைவும் சீர்மையும் வேண்டிய தொழிற்சாலை குரோமியத்தை நாடியது. ஆவாரம்பட்டையின் அறிவு சில கைகளில் மட்டும் தங்கியது. பயன்பாடு குறையும்போது அறிவும் குறைகிறது என்பதற்கு ஓர் ஊர்ப்பெயரே சான்றாக நிற்கிறது.

மஞ்சள் எளிதில் நிறம் தரும். ஆயினும் வெயிலில் விரைவில் வெளுக்கும். நீரில் கரைத்த எச்சாயமும் மரநாரை எழும்பச் செய்யும். ஆதலால் சாயம் உலர்ந்தபின் மென்மையான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, மரம் முழுதும் காய்ந்ததை எடைபார்த்து உறுதிசெய்த பின்னரே மேற்பூச்சைத் தொடங்கவேண்டும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால், காக்கவந்த பூச்சே சிறையாகிவிடும்.

தேர்வு
இறுதி முடிவை நூல் தராது, மரத்துண்டு தரும். வில் செதுக்கியபோது மிஞ்சிய சிம்புகளில் வெவ்வேறு பூச்சுகளை இட்டு, சன்னலோரம் ஒரு மழைக்காலம் வைத்து, வளைத்தும் நிறுத்தும் பார்த்தால் எது தகும் என்பது விளங்கும். சோதனைக்குக் காத்திருக்கும் பொறுமையும் வில் செய்பவரின் கருவிகளுள் ஒன்று.

தாம்பரத்தின் காற்றுக்குக் கடுக்காய்க் கருமையும், அதன்மேல் ஆளிவிதை எண்ணெயும், இறுதியில் தேன்மெழுகும் ஒரு நல்ல கூட்டணி. இது மிக வலிய பூச்சன்று. ஆனால் இதைச் செய்தவரே ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். இதன் ஊடே மரத்தை நாளும் காணலாம். புரட்டாசி வெயிலில் நாணைக் கழற்றி, துணியால் துடைத்து, நிழலில் மறுபடி எண்ணெய் தடவும்போது விரல்கள் வில்லின் முழு நீளத்தையும் ஒருமுறை தொட்டு ஆராய்கின்றன. புதிதாய்க் கிளம்பிய சிம்பையோ விரிசலையோ கண்ணுக்கு முன்னே விரலே கண்டுகொள்ளும். வலிய பூச்சு இத்தகைய வாய்ப்பைத் தருவதில்லை. மழை தொடங்குமுன் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்குபவரின் வில், அடுத்த கோடையிலும் நாணேறும்.