எந்த ஆயில் மச்சி பெஸ்ட்டு?

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க விண்டோஸா, லினக்ஸா என்று அடித்துக்கொள்வார்கள். இ.சி.இ. பசங்களுக்கு மொபைல் போன். மெக்கானிக்கல்காரர்களான எங்களுக்கு? இன்ஜின் ஆயில்! சிரிக்காதீங்க பாஸ். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ‘கார் இன்ஜினுக்கு எந்த சிந்தடிக் ஆயில்டா பெஸ்ட்டு?’ என்று யாராவது ஒரு புண்ணியவான் கொளுத்திப் போட்டால் போதும். காலையில் மெஸ் சாம்பாருக்கு எதிராக ஒன்றாகக் கொடி பிடித்தவர்கள் எல்லாம் ஐந்து கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

காஸ்ட்ரால் கட்சித் தலைவனின் அப்பா திருப்பூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ‘எங்க கடையில அதுதாண்டா ஓடுது’ என்பதுதான் அவனுடைய மொத்த தியரியும். மோபில் கட்சியும் ஷெல் கட்சியும் ஃபார்முலா ஒன் பார்த்து வளர்ந்த கூட்டம். ஃபெராரிக்கு ஷெல் என்றால் பேச்சே கிடையாது அவர்களுக்கு. கல்ஃப் கட்சிக்கு ஒரே காரணம்... தோனி! விளம்பரத்தில் ‘தல’ வந்தாரா இல்லையா? சர்வோ கட்சியில் ஒரே ஒருத்தன். ‘இந்தியன் ஆயில்டா, நம்ம நாட்டுதுடா’ என்று தனியாளாகக் கத்திக்கொண்டிருப்பான். இதில் ஹைலைட், இவர்களில் ஒருத்தனுக்கும் சொந்தமாகக் கார் கிடையாது.

நான் இதில் எந்தக் கட்சியும் இல்லை. காரணம், சண்டையின் ஆரம்பமே தப்பு. ‘சிந்தடிக்’ என்றால் என்ன என்று முதலில் கேட்கணும் இல்லையா?

ஆயில் டப்பாவுக்குள் இருப்பதில் பெரும்பகுதி ‘பேஸ் ஆயில்’. இதை அமெரிக்காவின் ஏ.பி.ஐ. அமைப்பு ஐந்து குரூப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று மூன்றும் கச்சா எண்ணெயில் இருந்து சுத்திகரித்து எடுப்பவை. குரூப் நம்பர் ஏற ஏற சுத்தமும் ஏறும். நான்காவதுதான் பி.ஏ.ஓ., அதாவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின். சின்ன மூலக்கூறுகளைக் கோத்துக் கோத்து ஆலையில் செய்வது. இதுதான் ஒரு காலத்தில் அசல் சிந்தடிக். எஸ்டர் மாதிரி மற்றதெல்லாம் ஐந்தாவது.

இங்கேதான் ஒரு செம சண்டை நடந்தது. எங்கள் ஹாஸ்டல் சண்டை எல்லாம் அதற்கு முன்னால் ஜுஜுபி. 1990-களின் கடைசியில் காஸ்ட்ரால் நிறுவனம், அமெரிக்காவில் விற்ற தன் சிந்தடிக் ஆயிலில் பி.ஏ.ஓ.வை எடுத்துவிட்டு, நன்றாகப் பதப்படுத்திய குரூப் மூன்று எண்ணெயைப் போட்டது. டப்பாவில் பெயர் என்னவோ அதே சிந்தடிக்தான். ‘கச்சா எண்ணெயில் இருந்து எடுத்ததை எப்படி சிந்தடிக் என்று சொல்லலாம்?’ என்று கிளம்பியது போட்டியாளரான மோபில். விளம்பரப் புகார்களை விசாரிக்கும் என்.ஏ.டி. என்ற அமைப்பிடம் (கோர்ட் இல்லைங்க, விளம்பரத் துறையே வைத்திருக்கும் பஞ்சாயத்து) போய் முறையிட்டது. 1999-ல் தீர்ப்பு. ஜெயித்தது காஸ்ட்ரால்! ஹைட்ரஜன் கொடுத்து மூலக்கூறையே உடைத்து மாற்றியிருப்பதால் அதையும் சிந்தடிக் என்று சொல்வதில் தப்பில்லை என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? குரூப் மூன்று பி.ஏ.ஓ.வைவிட விலை குறைவாச்சே!

ஆக, இன்றைக்குக் கடையில் ‘ஃபுல் சிந்தடிக்’ என்று மின்னுகிற டப்பாவுக்குள் பி.ஏ.ஓ. இருக்கலாம், குரூப் மூன்று இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். ஷெல் விஷயத்தில் கத்தாரின் இயற்கை எரிவாயுவில் இருந்து செய்த பேஸ் ஆயிலும் இருக்கிறது. முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிற அந்த வார்த்தையைப் பார்த்து உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் குரூப் மூன்று என்றால் டூப்ளிகேட் என்று அர்த்தம் இல்லை. இன்றைய நல்ல குரூப் மூன்று, சாதாரண கார் இன்ஜினுக்கு எக்கச்சக்கம்.

(கேப்பில் ஒரு குட்டித் தகவல்: காஸ்ட்ரால் என்ற பெயரே ‘காஸ்டர் ஆயில்’ என்பதில் இருந்து வந்ததுதான். அதாவது ஆமணக்கு எண்ணெய்... நம்ம விளக்கெண்ணெய்! முதல் உலகப் போர் விமானங்களின் இன்ஜினில் இதைத்தான் ஊற்றினார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த பைலட்டுகளுக்கு வயிற்றால் போனது என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஹாஸ்டலில் இதைச் சொன்ன அன்றிலிருந்து திருப்பூர்க்காரன் பெயர் விளக்கெண்ணெய் ஆகிவிட்டது.)

சரி, பேஸ் ஆயில் போகட்டும். மிச்சம் இருப்பது அடிட்டிவ். தேய்மானம் தடுக்க, அழுக்கை ஓட்டாமல் மிதக்க வைக்க, நுரை வராமல் இருக்க என்று ஏகப்பட்ட கெமிக்கல். இந்த மசாலாவை உலகத்துக்கே அரைத்துக் கொடுப்பது பெரும்பாலும் நாலே கம்பெனிகள்: லூப்ரிசால், இன்ஃபினியம், செவ்ரான் ஓரோனைட், ஆஃப்டன். இதில் இன்ஃபினியம் யாருடையது தெரியுமா? எக்ஸான்மோபிலும் ஷெல்லும் பங்கு போட்டு 1999-ல் தொடங்கியது! கட்டில் மேல் ஏறி நின்று அடித்துக்கொண்ட மோபில் கட்சிக்கும் ஷெல் கட்சிக்கும் இதை நான் சொன்னபோது அறையில் ஒரு நிமிஷ மௌன அஞ்சலி.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு காலேஜ் சிம்போசியத்துக்குப் போயிருந்தோம். ஸ்டாலில் ஒருத்தர் குட்டி மெஷின் வைத்திருந்தார். சுற்றுகிற ஒரு வளையத்தின் மேல் ஒரு இரும்பு ரோலரை நெம்புகோலால் அழுத்துவார். மற்ற ஆயில் என்றால் ‘கிரீச்’ என்று கத்தி நின்றுவிடும். அவருடைய ஆயிலை விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஜம்மென்று சுற்றும். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கடுப்பு! அந்த மெஷின் சோதிப்பது, உலோகமும் உலோகமும் முரட்டுத்தனமாக நசுங்கும்போது என்ன ஆகும் என்பதை. ஓடுகிற இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லைங்க. நடுவில் சில மைக்ரான் கனத்துக்கு ஆயில் படலம், தண்டு அதில் மிதக்கும். குளோரின் சேர்ந்த சமாசாரம் எதையாவது கலந்தால் அந்த மெஷினில் சுலபமாக ஜெயிக்கலாம். அதே குளோரின் இன்ஜினுக்குள் போனால் அரிப்புதான் மிஞ்சும்.

உண்மையான பரீட்சை வேற லெவல். ஏ.பி.ஐ. முத்திரை வாங்க முழு இன்ஜினையே ஓட்டிக் காட்டணும். அதில் ஒன்று ‘சீக்வென்ஸ் மூன்று ஹெச்’. ஆயிலை 151 டிகிரியில் வைத்து 90 மணி நேரம் இன்ஜினை விரட்டி, பிறகு பிரித்துப் பார்த்து மார்க் போடுவார்கள். கசடு எவ்வளவு சேர்கிறது, டைமிங் செயின் எவ்வளவு தேய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டெஸ்ட். பாஸானால் டப்பாவின் பின்பக்கம் ‘எஸ்.பி.’ என்று போட்டுக்கொள்ளலாம் (போலீஸ் எஸ்.பி. இல்லை, 2020-ல் வந்த பெட்ரோல் இன்ஜின் தரம். 2025-ல் அடுத்ததாக எஸ்.க்யூ. வந்துவிட்டது). எஸ்.பி. வாங்கிய ஆயில்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முத்திரை என்பது பாஸ் மார்க்தான், சென்டமா ஜஸ்ட் பாஸா என்று அதில் இருக்காது. ஆனால் அந்த வித்தியாசம் தெரிய ஒரே மாதிரி இரண்டு காரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைப் பிரிக்கணும். ‘இந்த ஆயில் போட்டேன், வண்டி ஸ்மூத்தா போகுது’ என்கிறார்களே... பழைய கறுப்பு ஆயிலை வடித்துவிட்டு எதை ஊற்றினாலும் ரெண்டு நாளைக்கு ஸ்மூத்தாகத்தான் போகும்!

அப்போ எதைத்தான் பார்ப்பது? பின்பக்கம் இருக்கிற அந்த நம்பரை. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கும் என்று அர்த்தம். ‘வேலூர்ல எதுக்குடா மைனஸ் 30?’ என்று கேட்டால் நல்ல கேள்வி. எங்கள் லேபில் ரெட்வுட் விஸ்காமீட்டர் என்று ஒன்று உண்டு. கிண்ணத்தில் ஆயிலை ஊற்றி, சூடு பண்ணி, அடியில் இருக்கிற ஓட்டையைத் திறந்து, 50 மில்லி இறங்க எத்தனை செகண்ட் என்று ஸ்டாப் வாட்ச்சோடு தூங்கி வழிவோம். சூடு ஏற ஏற எவ்வளவு வேகமாக இளகுகிறது என்பது அங்கேதான் கண்ணில் தெரிந்தது. ஒரு 5டபிள்யூ-30 ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி. இன்ஜினைப் பொறுத்தவரை வேலூர் காலையும் குளிர்காலம்தான். அதனால்தான் இளகின ஆயில் ஸ்டார்ட் பண்ணியதும் சீக்கிரம் மேலே ஏறும்.

பின்பக்கத்து நம்பர் தப்பினால் எவ்வளவு உசத்தி பிராண்டும் உதவாது. புது பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு இன்னும் மெலிசாக 0டபிள்யூ-16. ‘தண்ணி மாதிரி இருக்கே’ என்று கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றுகிற மெக்கானிக் அண்ணன்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு வந்த டீசல் கார்களில் புகைபோக்கியில் ஃபில்டர் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் வேண்டும். காசு கொட்டி வாங்கிய ரேஸ் ஆயிலாகவே இருந்தாலும், சாம்பல் அதிகம் என்றால் அந்த ஃபில்டரை அடைத்துவிடும். புகைக்கரியை எரித்துத் தள்ளலாம். இந்தச் சாம்பல் எரியாது.

இவ்வளவு அக்கறை எனக்கு சிலபஸில் இருந்து வரவில்லை. என் சித்தப்பாவின் டாக்ஸியில் இருந்து வந்தது.

சேலத்தில் டீசல் கார் ஓட்டுகிறார் சித்தப்பா. வண்டியை அவர் கழுவுகிற அழகைப் பார்க்கணும், சித்திக்கே பொறாமை வரும். ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனமே கிடையாது. கடையில் இருப்பதிலேயே விலை அதிகமான ஃபுல் சிந்தடிக்தான். அவர் போய்க்கொண்டிருந்த ஒர்க் ஷாப்பில் ஒருத்தர், ‘இந்த பிராண்டு ஊத்திட்டீங்கன்னா 25,000 கிலோமீட்டருக்கு பானெட்டையே திறக்க வேண்டாம்ணே’ என்று சொல்லியிருக்கிறார். மேனுவலில் போட்டிருந்தது 10,000. அதைவிட முக்கியம், அந்த இன்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. டர்போ சீல் தேய்ந்து, கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நல்ல பிராண்டாச்சே, யார் பார்ப்பார்கள்?

பெங்களூர் சவாரி முடித்துத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. ‘சென்சார் கோளாறா இருக்கும், பத்து நிமிஷத்துல டீக்கடை வந்துடும்’ என்று விட்டுவிட்டார். அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவது இல்லை, அழுத்தத்தைக் காட்டுவது. எரிகிறது என்றால் அந்த சில மைக்ரான் படலம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டீக்கடை வரவில்லை. கீழே இருந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது, அவ்வளவுதான், இன்ஜின் சீஸ்! கிராங்க், பேரிங், டர்போ எல்லாம் காலி. இரண்டு மாதம் வண்டி ஷெட்டில். டியூ மட்டும் மாதா மாதம் கரெக்டாக வந்தது. சித்தியின் வளையல்கள் அடகுக்குப் போனது அப்போதுதான். தங்கச்சி ஸ்கூல் ஃபீஸுக்கு அப்பா பணம் அனுப்பியதை சித்தப்பா இன்னமும் என்னிடம் பேச மாட்டார்.

இன்ஜினைப் பிரித்த லேத் கடைத் தாத்தா, வெந்துபோன பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் செம்பு தெரிந்தது. ‘என்ன பிராண்டுங்க தாத்தா ஊத்தியிருந்தாங்க?’ என்று பக்கத்தில் இருந்த பையன் கேட்டான். தாத்தா அவனை ஒரு பார்வை பார்த்தார். ‘பிராண்டு இருந்துச்சுடா. ஆயில்தான் இல்ல.’

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியன் துணியோடு பானெட்டைத் திறக்கிறார். டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அன்றைக்கு ஆயில் மாற்றம். பிராண்டு? இதுவரை மூன்று மாறிவிட்டது. மேனுவலில் இருக்கிற நம்பரும் தரமும் டப்பாவின் பின்பக்கம் இருக்கணும், கடைக்காரர் பில் தரணும், அவருக்கு அது போதும்.

ஊற்றி முடித்ததும் காலி டப்பாவில் ஸ்க்ரூ டிரைவரால் ஓங்கி ஒரு குத்து குத்துகிறார். அதில் போலி ஆயிலை ஊற்றி யாரும் மறுபடி விற்கக் கூடாதாம். போன தடவை நானும் கூட இருந்தேன். ஒர்க் ஷாப் பையன் ஓட்டை விழுந்த டப்பாவையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘ஏண்ணே, நல்ல டப்பாண்ணே... முப்பது ரூபாய்க்கு எடுத்துக்க ஆள் இருக்கு!’