கயல் எது?

மார்கழி ஞாயிறொன்றில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, தூண்டிலோடு பழையசீவரம் தடுப்பணைக்குச் சென்றோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம், எதிர்க்கரை திருமுக்கூடல். மணலாகவே நாங்கள் கண்டு பழகிய பாலாறு, மழைக்காலம் கழிந்த அவ்வேளையில் நீர் தேங்கி நின்றது.

அருகில் தூண்டிலிட்டிருந்த பெரியவர்தான் மண்புழு கோத்துக் கொடுத்தார். எங்களுக்குக் கை வரவில்லை. ஒரு மணி நேரம் தக்கை அசையவேயில்லை. பனியில் பிள்ளைகள் தோளை ஒடுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பிறகு சட்டென அமிழ்ந்தது. மகள் இழுத்தாள். உள்ளங்கையளவு மீன்.

“இதுதான் கயலாப்பா?”

இருபதாண்டுகளாக வகுப்பில் கண்ணுக்குக் கயலை உவமை சொல்லி வருகிறோம். கயலைக் கண்டதில்லை. நிகண்டு கெண்டை என்னும். கெண்டையிலோ எத்தனையோ வகை.

“ஜிலேபி, கண்ணு” என்றார் பெரியவர். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய திலேப்பியாதான் அது. இன்று ஏரி குளமெங்கும் அதன் ஆட்சி. முன்பெல்லாம் கெண்டையும் கெளுத்தியும் விராலும் நிறையக் கிடைத்தனவாம். கயல்? அப்படியொரு மீனை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

மகள் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். “கொழம்புக்கு ஆகியிருக்குமே” என்றார் பெரியவர். தம்பிக்காரன் வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.